மருந்து குடித்தபின் உடம்பு தடித்தால்: படிப்படியாக என்ன செய்வது

புதிதாக ஒரு குளிசை தொடங்கிச் சில நாளில் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தடித்துக் கடிக்கத் தொடங்கினால், நம் ஆட்கள் முதலில் பிரிட்டன் என்கிற அலர்ஜிக் குளிசை ஒன்றைப் போடுவார்கள், அப்புறம் முந்தின நாள் சாப்பிட்ட இறாலைத் திட்டுவார்கள். இறால் பாவம். அதனால் வருவதென்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மருந்து அப்படியில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு வரும், சில நேரம் குளிசையெல்லாம் குடித்து முடித்து இரண்டு நாள் ஆன பிறகும் வரும். அதனால்தான் இதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தோல் டொக்டரிடம் போனாலும் அவர் தடிப்பைப் பார்க்கிற அதே அளவுக்கு நாட்களையும் கணக்குப் பார்ப்பார்: என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, தடிப்பு எந்தத் தேதியில் வந்தது. இந்தக் கணக்கைக் கொண்டுபோகிறவருக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன், டொக்டருக்குப் பதிலாக இல்லை. கொழும்பில் இருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால் இடங்களும் பழக்கங்களும் இந்த ஊருக்குரியவை. மருந்துகளின் குணம் எங்கேயும் ஒன்றுதான்.

படி 1: ஓட வேண்டுமா, இருந்து பார்க்கலாமா

நாட்கணக்கெல்லாம் அப்புறம். முதலில் இதைப் பாருங்கள்.

மருந்து போட்டுச் சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பு தடிக்கிறது, அதோடு மூச்சு இழுக்கிறது, குரல் அடைக்கிறது, நாக்கோ உதடோ வீங்குகிறது, தலை சுற்றி விழப் பார்க்கிறார், திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறார் என்றால் அது அனபிலக்சிஸ் என்கிற கடும் ஒவ்வாமை. உடனே 1990. சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது வரும் வரைக்கும் ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடக் கஷ்டம் என்றால் சாய்ந்து உட்காரட்டும், ஆனால் எழுப்பி நடக்க வைக்காதீர்கள், நாலாம் மாடியிலிருந்து படியிறங்கி ஓட்டோவுக்குக் கூட்டிப்போக முயற்சி செய்யாதீர்கள். அவருக்குத் தேவை தொடைத் தசையில் போடுகிற அட்ரினலின் ஊசி. பிரிட்டனோ ஸ்டீரொய்ட் குளிசையோ அந்த வேலையைச் செய்யாது. "ஒரு பிரிட்டன் போட்டாச்சு, கொஞ்சம் பார்ப்போம்" என்று வீட்டில் இருக்கிற அந்த அரைமணி நேரம்தான் ஆபத்து. ஊசி போட்டு எல்லாம் அடங்கிய பிறகும் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள், இரண்டாம் தடவை கிளம்பலாம் என்பதால். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வர அவசரப்படாதீர்கள்.

இன்னொரு அவசரம் மெதுவாக வரும், ஆளை ஏமாற்றிவிடும். முதலில் காய்ச்சல், தொண்டை நோவு, கண் எரிச்சல். யாருக்கும் சாதாரண சளிக்காய்ச்சல் என்றுதான் தோன்றும். ஒன்றிரண்டு நாளில் நெஞ்சிலும் முகத்திலும் கருஞ்சிவப்புத் திட்டுகள், வாய்க்குள் புண், உதட்டில் பொருக்கு, சலம் போகும்போது எரிவு, அப்புறம் கொப்புளம். தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் வழுகிக் கழன்று வரும் (நீங்கள் தேய்த்துப் பார்க்க வேண்டாம், அது டொக்டரின் வேலை). இதுதான் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய். 1922இல் இதை எழுதிய இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயர் அது. உடம்பின் தோலில் 10 சதவீதத்துக்குக் குறைவாகக் கழன்றால் இந்தப் பெயர், 30 சதவீதத்துக்கு மேல் போனால் டென் என்று சுருக்கமாகச் சொல்கிற நச்சுத்தோல் கழற்சி. முதல் வகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார், இரண்டாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வருவது வழக்கம்.

ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: கடிக்கிற தோலைவிட நோகிற தோலுக்குப் பயப்படுங்கள். கடி தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். தொட்டாலே நோகிறது, சுட்ட புண் மாதிரி எரிகிறது, அதோடு கண்ணிலோ வாயிலோ பிறப்புறுப்பிலோ புண் என்றால் இரவானாலும் சரி, போயா தினமானாலும் சரி, வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, டிரெஸ் என்று சொல்வார்கள். இது இன்னும் தாமதம், மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கிப் போவது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது. உள்ளே ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருக்கும், இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியும். கண் மஞ்சளாகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

இந்த மெதுவான இரண்டுக்கும் காரணமாகிற மருந்துகளின் பட்டியல் பெரிதில்லை, திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான்: வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் தருகிற கார்பமசெபின், பினைடொயின், பினோபார்பிட்டோன், லமோட்ரிஜின்; யூரிக் அசிட்டுக்கான அல்லோபியூரினோல்; சல்பா வகையான கோ-ட்ரைமொக்சசோல்; நோவுக்கான பிரொக்சிகம், மெலொக்சிகம். இவற்றில் ஒன்றைத் தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் வேறு காரணம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

அல்லோபியூரினோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கொழும்பில் லேப்களில் முழு உடல் பரிசோதனைப் பெக்கேஜ் செய்வது இப்போது பழக்கமாகிவிட்டது. ரிப்போர்ட்டில் யூரிக் அசிட் இலக்கம் தடித்த எழுத்தில் வந்ததும், மூட்டு வீக்கமோ கல்லோ எதுவுமே இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு அங்கிளின் மருந்துத் துண்டைப் பார்த்து அந்தக் குளிசையை வாங்க வருகிறார்கள். வருத்தம் எதுவும் இல்லாமல் இலக்கம் மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்தே தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கும், முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள். இலக்கத்துக்காகத் தோலைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 2: ஒரு தாளை எடுத்துத் தேதிகளை எழுதுங்கள்

ஓட வேண்டிய நிலை இல்லை என்று தெரிந்தால் உட்கார்ந்து எழுதுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் உடம்புக்குள் போனது, உடம்பில் பூசியது எல்லாம். குளிசை மட்டுமில்லை: ஊசி, கண்சொட்டு, பாணி மருந்து, ஜிம்மில் தந்த பவுடர், விற்றமின், ஆயுர்வேதக் கசாயம், தலைமயிருக்குப் போட்ட டை, தலையிடிக்கு ஒபிஸில் யாரோ தந்த குளிசை. "மருந்தா? ஒன்றும் எடுக்கவில்லை" என்று சொல்கிறவரிடம் "கால் நோவுக்கு?" என்று கேட்டால், "ஓ, அது சும்மா" என்பார். அந்தச் சும்மாதான் பல தடவை குற்றவாளி.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. கீழே தடிப்பு முதன்முதலில் எந்த நாள், உடம்பில் எந்த இடத்தில் வந்தது என்று எழுதுங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவருக்குப் பிரஷருக்காக 3 வருடமாக அம்லோடிபின். 12 நாளுக்கு முன் முழங்கால் நோவுக்கு டைக்ளோபினக் தொடங்கினார். 8 நாளுக்கு முன் தொண்டைக்கு அமொக்சிசிலின். நேற்றுக் காய்ச்சல் காய்ந்ததால் பனடோல் (பரசிட்டமோல்) இரண்டு. இன்று காலை நெஞ்சு முழுக்கத் தடிப்பு. அவர் நிச்சயம் பனடோலைத்தான் குற்றம் சொல்வார், கடைசியாகப் போட்டது அதுதானே. ஆனால் நேற்று வந்த காய்ச்சலே இந்த ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம், அதற்குத்தான் அவர் பனடோல் போட்டிருக்கிறார். முதல் சந்தேகம் அமொக்சிசிலின், இரண்டாவது டைக்ளோபினக். 3 வருடப் பழக்கமுள்ள குளிசை பட்டியலின் அடியில். இப்படிக் கணக்குப் பார்க்காமல் "எனக்குப் பனடோல் ஒவ்வாது" என்று முடிவுகட்டி, வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பான ஒரு மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு, உண்மையான எதிரியை அடுத்த தொண்டை நோவுக்கு மறுபடி விழுங்குகிறவர்கள் நிறைய.

பழைய மருந்தைச் சும்மா விட்டுவிடலாம் என்பதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் படி 4இல் சொல்கிறேன்.

படி 3: பெயரில்லாத கவருக்குப் பெயர் கேளுங்கள்

தேதி எழுதலாம், ஆனால் மருந்தின் பெயர் தெரியாவிட்டால்? இது நம் ஊரின் சொந்தப் பிரச்சினை. சந்திக்குச் சந்தி இருக்கிற டிஸ்பென்சரியில் டொக்டர் நாடி பார்த்து, அங்கேயே சின்னக் கடதாசிக் கவர்களில் குளிசைகளைப் போட்டுத் தருவார். கவரில் காலை, பகல், இரவு என்று மட்டும் எழுதியிருக்கும். வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி, சிவப்புக் கப்சூல் ஒன்று. தடிப்பு வந்தபின் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்து "தம்பி, இது என்ன குளிசை?" என்று கேட்பார்கள். வெள்ளைக் குளிசை ஆயிரம் இருக்கிறது, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே மருந்தை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். "டொக்டர், பெயரைக் கவரில் எழுதித் தாங்களேன், எனக்கு அலர்ஜி வாறது" என்றால் பெரும்பாலானோர் எழுதித் தருவார்கள். முகம் சுளிக்கிறவர் இருந்தாலும் சுளிக்கட்டும், விழுங்கப் போவது நீங்கள். தடிப்பு வந்துவிட்டது, கையில் கவர்தான் இருக்கிறது என்றால் அதே டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்துத் திகதியைச் சொல்லிக் கேளுங்கள். மீதிக் குளிசைகளை எறியாதீர்கள்.

பெட்டியோ கார்ட்டோ இருந்தால் பெரிய எழுத்திலுள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற ஜெனரிக் பெயரை எழுதுங்கள். ஒரே டைக்ளோபினக் எத்தனையோ கம்பனிப் பெயரில் வருகிறது. ஒரு பெயரில் ஒவ்வாமல் போனவர் அடுத்த மாதம் இன்னொரு பெயரில் அதையே வாங்குகிறார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, ஜெனரிக் பெயரில் மருந்து எழுதும் முறைக்காகத்தான் அவ்வளவு பாடுபட்டார். விலை குறைவதற்காக என்றுதான் எல்லோரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பாதுகாப்பும்கூட.

படி 4: தடிப்பின் வகையைப் பாருங்கள்

இணையத்தில் வருகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் இளஞ்சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சில நேரம் நிறமே மாறாமல் வெறும் சொரசொரப்பாகவோ இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், புறங்கையால் தடவிச் சூட்டையும் மேட்டையும் உணருங்கள், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாய் எல்லாவற்றையும் பாருங்கள்.

மிகவும் சாதாரணமானது சின்னமுத்து மாதிரித் தடிப்பு. மருந்தால் வருகிற தோல் ஒவ்வாமைகளில் மிகப் பெரும்பகுதி இதுதான். நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கைகால்களுக்குப் பரவும். முதல் தடவையென்றால் மருந்து தொடங்கி 4 முதல் 14 நாளில், ஏற்கனவே ஒருமுறை வந்தவருக்கு ஓரிரு நாளிலேயே வந்துவிடும். அமொக்சிசிலின் வகைகளும் சல்பாவும் வலிப்பு மருந்துகளும் முக்கிய காரணங்கள். மருந்தை நிறுத்தினாலும் ஓரிரு நாள் கூடிவிட்டுத்தான் குறையும், ஒன்றிரண்டு வாரத்தில் தோல் உரிந்து போய்விடும். "நிறுத்தியும் கூடுதே" என்று பயந்து நாலு டொக்டரிடம் போகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்திருந்தால் போதும்.

காஞ்சோண்டி பட்டது மாதிரித் திட்டுத் திட்டாக எழும்பி, ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் வருவது வேறு. ஒரு திட்டைப் பேனையால் சுற்றி வரைந்து வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அது அந்த இடத்தில் இருக்காது. பெனிசிலின் வகைகளும், அஸ்பிரின், ஐபுபுரோபென், டைக்ளோபினக், மெபனாமிக் அசிட் போன்ற நோவுக் குளிசைகளும் இதைச் செய்யும். நோவுக் குளிசை ஒன்றுக்கு இப்படி வந்தவருக்கு அந்தக் குடும்பத்தில் மற்றவையும் ஒத்துவராமல் போவது சகஜம், பெயர் மாறினாலும் உடம்பில் அவை செய்கிற வேலை ஒன்று என்பதால். எதைப் போடலாம் என்று டொக்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மேலே சொன்ன விலக்கு இங்கேதான். பிரஷருக்கும் இருதயத்துக்கும் தருகிற எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் வகைகள் கடியோ தடிப்போ எதுவும் இல்லாமல் திடீரென்று உதட்டையும் நாக்கையும் முகத்தையும் வீங்க வைக்கலாம். அது தொடங்கிய வாரத்திலும் வரும், மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். பிரிட்டன் இதற்குச் சரியாக வேலை செய்யாது. ஒரு தடவை தானாக வற்றிப் போனாலும் அடுத்த தடவை தொண்டையை அடைக்கலாம், அதனால் அந்தக் குளிசையைத் தொடரக் கூடாது, அன்றே டொக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் சுவாரசியமானது: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற கரும்புள்ளி. வட்டமாக, ஊதா கலந்த கறுப்பாக, உதட்டிலோ கையிலோ ஆண்குறியிலோ வரும், எரியும், சில நேரம் கொப்புளிக்கும், காய்ந்து கறுத்த தழும்பாக நிற்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி. கோ-ட்ரைமொக்சசோல், மெட்ரோனிடசோல், டொக்சிசைக்கிளின், நோவுக் குளிசைகள், எப்போதாவது பரசிட்டமோல் கூட. அந்த மருந்தை மறுபடி போட்டுச் சில மணி நேரத்துக்குள் பழைய இடம் விழித்துக்கொள்ளும். மறைவான இடத்தில் வருவதால் பாலியல் நோய் என்று நினைத்து வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், சொந்தமாக வேறு நுண்ணுயிர்க்கொல்லிகளை வாங்கிப் போட்டுச் சிக்கலை இன்னும் கூட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்துக்குள் சண்டை வந்த கதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் புள்ளி வருவதற்கு முன் என்ன குளிசை போட்டீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

வெயில் பட்ட இடத்தில் மட்டும், அதாவது முகம், கழுத்தின் வி வடிவம், முழங்கைக்குக் கீழே மட்டும் எரிந்து கறுத்தால் மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை. டொக்சிசைக்கிளின் இதில் பேர்போனது. முகப்பருவுக்கும் தருகிறார்கள், வெள்ளத்தில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கவும் தருகிறார்கள். ஹைட்ரோகுளோரோதயசைட், அமியோடரோன், கீட்டோபுரோபென் ஜெல் ஆகியவையும் அப்படித்தான். வாகனத்தின் பக்கக் கண்ணாடி இதை முழுசாகத் தடுக்காது. நீளக்கைச் சட்டை தடுக்கும்.

மடிப்புகளில், அக்குளிலும் தொடையிடுக்கிலும், மருந்து தொடங்கி ஓரிரு நாளில் சிவந்த தோலின் மேல் குண்டூசி முனை போல நூற்றுக்கணக்கில் சீழ்ப் பொட்டுகள் காய்ச்சலோடு வந்தால் கிருமித்தொற்று என்று எல்லோரும் நினைப்பார்கள். அமொக்சிசிலினோ டில்டியசமோ டேர்பினபினோ கூடக் காரணமாக இருக்கலாம். டொக்டரிடம் காட்ட வேண்டியது.

பூசுகிற மருந்துகளை மறந்துவிடக் கூடாது. காயத்துக்குப் போடுகிற நியோமைசின் களிம்பு பூசிய இடத்திலேயே சொறி கிளம்பினால் களிம்பு சேரவில்லை என்று அர்த்தம். படர்தாமரைக்கு ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் பூசினால் முதல் வாரம் கடி நிற்கும், அப்புறம் உருவமே தெரியாமல் பரவும். லேபல் இல்லாத நைட் கிறீம்களைப் பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள்.

படி 5: மருந்துதானா என்று ஒரு சந்தேகம் வையுங்கள்

கொழும்பில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் மருந்தைக் குற்றம் சொல்வதற்கு முன் டெங்குவை நினைக்க வேண்டும். குணமாகிற கட்டத்தில் உடம்பு முழுக்கச் சிவந்து நடுநடுவே வெள்ளைத் தீவுகள் விட்ட மாதிரி ஒரு தடிப்பு வரும், உள்ளங்கையும் உள்ளங்காலும் பயங்கரமாகக் கடிக்கும். அந்தக் காய்ச்சலுக்கு யாராவது அமொக்சிசிலின் கொடுத்திருந்தால் பழி அதன் மேல் விழும், ஆள் வாழ்நாள் முழுக்க "பெனிசிலின் ஒவ்வாதவர்" ஆகிவிடுவார். பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலோடு வருகிற தடிப்பும் இதே கதைதான். சுரப்பிக் காய்ச்சல் (கழுத்தில் நெறி கட்டுகிற ஒரு வைரஸ் காய்ச்சல்) உள்ளவருக்கு அமொக்சிசிலின் கொடுத்தால் தடிப்பு வருவது அடிக்கடி நடக்கிறது, அதனால் அவருக்கு நிரந்தர ஒவ்வாமை என்று ஆகிவிடாது. டெங்குச் சந்தேகம் இருக்கும்போது நோவுக் குளிசை எதுவும் வேண்டாம், பரசிட்டமோல் மட்டும், இரத்தப் பரிசோதனை உடனே.

மீனையும் மருந்தையும் சேர்த்து ஒரு கதை இருக்கிறது, அது நம் நாட்டிலேயே கண்டுபிடித்தது. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சில வகை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு கடித்துப் போவதை 1970களில் இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட கவனித்து எழுதினார். சூரை இன மீன்களில், முக்கியமாகச் சரியாகக் குளிரில் வைக்காதவற்றில், ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதை உடைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது, அந்த நொதியை ஐசோனியாசிட் மந்தமாக்கிவிடும். மீனும் ஒவ்வாமை இல்லை, மருந்தும் ஒவ்வாமை இல்லை, இரண்டும் சேர்ந்ததுதான் பிரச்சினை. காசநோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அந்த மீனை நிறுத்தினால் போதும், கிளினிக்கில் சொல்லுங்கள். இறாலைத் திட்டாதீர்கள் என்று சொன்னேன், சூரையைக் கொஞ்சம் திட்டலாம்.

படி 6: நிறுத்துவதா, தொடர்வதா

படி 1இல் சொன்ன ஆபத்துக் குறிகள் இருந்தால் சந்தேகமான மருந்தின் அடுத்த வேளையைப் போடாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். நுண்ணுயிர்க்கொல்லி, நோவுக் குளிசை போன்றவற்றை லேசான தடிப்புக்கும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் கேட்கலாம், பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் வலிப்பு மருந்து, இருதயத்தில் ஸ்டென்ட் போட்டபின் தருகிற குளிசை, இரத்தம் உறையாமலிருக்கத் தருகிற வார்பரின், நீண்ட நாளாக எடுக்கிற ஸ்டீரொய்ட், காசநோய் மருந்து, இவற்றைச் சொந்தப் புத்தியில் நிறுத்தினால் தடிப்பைவிடப் பெரிய ஆபத்து வரலாம். அதற்காகத் தடிப்பைப் பார்த்துக்கொண்டே விழுங்கிக்கொண்டிருக்கவும் கூடாது. அடுத்த வேளைக்கு முன்னாலேயே, அன்றே, எழுதித் தந்தவரையோ வைத்தியசாலையையோ கேட்டுவிட வேண்டும். கார்பமசெபினுக்குத் தடித்தவருக்குப் பினைடொயினும் பினோபார்பிட்டோனும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால் மாற்று மருந்தைத் தேர்வது சாதாரண விஷயமில்லை. லமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டச் சொல்வதும் தோலுக்காகத்தான். "வேகமாகக் கூட்டினால் சீக்கிரம் சரியாகும்" என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள், வல்ப்ரோவேட் என்கிற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்த்து எடுப்பவர் இன்னும் கவனம்.

படி 7: வீட்டில் செய்யக்கூடியது

கொஞ்சம்தான். பச்சைத் தண்ணீரில் குளியல், பருத்தி உடுப்பு, கடிக்குக் கலமைன், காய்ந்து உரிகிற தோலுக்கு வாசனையில்லாத கிறீம். கடிக்கு செட்டிரிசின், லொரட்டடின், பிரிட்டன் எல்லாம் உதவும், ஆனால் பிரிட்டன் நன்றாகத் தூங்க வைக்கும், அதைப் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளோ ஓட்டோவோ ஓட்டாதீர்கள். புரஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் உள்ள வயதானவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள், கைக்குழந்தைக்கு டொக்டர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம்.

வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பதை நான் தடுக்க மாட்டேன், தோல் முழுசாக இருந்தால். கொப்புளம் உடைந்த தோலில் மஞ்சள் அரைத்துப் பூசுவது, பாம் தேய்ப்பது, தைலம் போடுவது வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற பிரெட்னிசொலோனை எடுத்துப் போடவும் வேண்டாம், தடிப்பை மங்க வைத்து டொக்டரையும் குழப்பிவிடும்.

ஒவ்வொரு நாளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். கிளினிக் நாள் வரும்போது தடிப்பு மறைந்துபோயிருக்கும், போட்டோதான் பேசும்.

படி 8: எங்கே போவது, என்ன கொண்டுபோவது

அவசரமென்றால் கிட்ட இருக்கிற அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு: கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகம, எது கிட்டவோ அது. பிள்ளைகளுக்கு பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே. தோல் கழலுகிற மாதிரித் தெரிந்தால் சின்னத் தனியார் மருத்துவமனைகளில் நேரத்தைப் போக்காமல், தோல் பிரிவும் கண் பிரிவும் தீவிர சிகிச்சையும் ஒரே இடத்தில் இருக்கிற பெரிய வைத்தியசாலைக்கே போவது நல்லது. கண்ணை முதல் நாளிலிருந்தே கண் டொக்டர் பார்க்க வேண்டிய நோய் அது, தோல் ஆறினாலும் கண்ணில் தழும்பு நின்றுவிடலாம். அவசரம் இல்லையென்றால் ஓபிடியில் காட்டித் தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்கலாம், அல்லது சனலிங்கில் தோல் நிபுணரைப் பார்க்கலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அந்தத் தேதித் தாள், மிஞ்சிய குளிசைகள் கவரோடு, கிளினிக் கொப்பி, போட்டோக்கள். தமிழில் விளக்க ஆள் இருக்குமோ என்று தயங்குகிறவர்கள் தாளில் மருந்துப் பெயர்களை ஆங்கிலத்தில், பெட்டியில் உள்ளபடி எழுதிக்கொண்டு போங்கள். தேதிக்கும் பெயருக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. காய்ச்சல், முகவீக்கம் ஏதாவது இருந்தால் முழு இரத்தக் கணக்கு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனை செய்வார்கள். ஈயோசினோபில் என்கிற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சந்தேகம் தீர்க்க அதே குளிசையை வீட்டில் மறுபடி போட்டுப் பார்ப்பது. முதல் தடவை வெறும் தடிப்போடு போனது இரண்டாம் தடவை மூச்சை அடைக்கலாம்.

படி 9: ஆறிய பிறகு

நம் தோலில் தடிப்பு போனாலும் கறுப்பு நிற்கும், மாதக்கணக்கில். அது நோய் மிஞ்சியிருப்பது இல்லை, நிறம் மட்டும்தான். வெளுக்க வைக்கிற கிறீம் தேடிப் போனால் புதிய பிரச்சினை ஒன்றை விலைக்கு வாங்குகிறீர்கள்.

காரணம் உறுதியானால் டொக்டரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்: மருந்தின் ஜெனரிக் பெயர், என்ன மாதிரித் தடிப்பு, மருந்து தொடங்கி எத்தனையாம் நாள், எவ்வளவு கடுமை. "மருந்து அலர்ஜி" என்று மொட்டையாக எழுதியிருப்பதால் யாருக்கும் பயனில்லை. அதை லமினேட் செய்து அடையாள அட்டையோடு வையுங்கள், போட்டோ எடுத்து போனிலும் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பாமசியில் மருந்து வாங்கும்போது நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் காட்டுங்கள், பல் டொக்டரிடமும் காட்டுங்கள். கடுமையான ஒவ்வாமையென்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அறிவிக்கச் சொல்லி டொக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். அறிவிப்பு போகாவிட்டால் அந்த மருந்தின் பிரச்சினை யாருடைய கணக்கிலும் ஏறாது.

கார்பமசெபினுக்கோ அல்லோபியூரினோலுக்கோ ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் அளவுக்குப் போனவரின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அதே மருந்தைத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மருந்துக்கும் சில எச்எல்ஏ மரபணு வகைகள் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன, அவை குடும்பத்துக்குள் ஓடும்.

பெனிசிலின் ஒவ்வாது என்று சின்ன வயதிலிருந்தே கொப்பியில் எழுதியிருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அப்படி எழுதப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்குப் பெனிசிலின் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஒத்துக்கொள்கிறது. உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குப் பத்து வருடத்தில் அது போய்விடுகிறது. அந்த எழுத்து இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் விலை கூடிய, பக்க விளைவு கூடிய வேறு மருந்துதான் கிடைக்கும். அம்மாவிடம் கேளுங்கள்: அப்போது என்ன நடந்தது, மூச்சு முட்டியதா, கொப்புளம் வந்ததா, வெறும் தடிப்பா, எத்தனையாம் நாள். அந்தப் பதிலோடு தோல் கிளினிக்கில் போய், இந்த எழுத்தை நீக்க முடியுமா, பரிசோதனைக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். பரிசோதனை வைத்தியசாலையில்தான் நடக்க வேண்டும், உங்கள் வீட்டு மேசையில் இல்லை.